உங்கள் நகரில் பார்க் ஏன் இல்லை?

பக்கத்து நகரில் ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை எல்லாம் இருக்கிறது. அதே ஊராட்சி, அதே மெயின் ரோடு. உங்கள் நகரில் மட்டும் ஒரு சென்ட் பொது இடம்கூட இல்லை. கேட்டால், "அந்தப் பக்கம் தலைவர் நல்ல மனுஷன்" என்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. நிலத்தை மனை போட்ட அன்றே பார்க்கின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது.

விதி என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, பிரிக்கப்படும் நிலம் 10,000 சதுர மீட்டருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். (பொதுவுக்கு விட வேண்டிய திறந்தவெளி) ஆக நிலமாகவே தர வேண்டும். நான்கு ஏக்கரில் சாலைக்கு ஒரு ஏக்கர் போனால், மீதி 300 சென்ட். அதில் 30 சென்ட் பார்க்குக்கு. ஏறத்தாழ 13,000 சதுர அடி. சின்ன இடமில்லை.

அப்படியானால் எல்லா நகரிலும் பார்க் இருக்க வேண்டாமா? இங்கேதான் சிக்கல். 3,000 சதுர மீட்டர் வரை (சுமார் 74 சென்ட்) எதுவும் விட வேண்டியதில்லை. அதற்கும் 10,000க்கும் இடைப்பட்டால், இடம் ஒதுக்க வழியில்லாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். ஒரே வயல்வெளியை ஆளுக்கு எழுபது சென்டாக ஏழெட்டுப் பேர் மனை போட்டால், நூறு வீடு வரும்; பார்க் வராது. விதிமீறல் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் விளையாடுவது தெருவில்தான். என்னைக் கேட்டால், விதியின் பெரிய ஓட்டை இதுதான்.

மனை வாங்கப் போகிறீர்களா? கலர் நோட்டீஸில் இருக்கும் 'சிறுவர் பூங்கா' படத்தை நம்பாதீர்கள். டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் எண்ணுள்ள வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். மொத்தப் பரப்பு, சாலை, பார்க், மனைகள் எவ்வளவு என்று அதில் தனித்தனியே போட்டிருக்கும். பார்க் என்ற வரியே இல்லையென்றால், பின்னால் வந்து சேரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வரைபடத்தில் இருந்தால் போதுமா? போதாது. அந்த இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது அதன் பிறகே இறுதி ஒப்புதல் கிடைக்கிறது. பழைய மனைப்பிரிவுகளில்தான் இது விட்டுப்போயிருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் பார்க் இடத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 'எழுதி வாங்கியவர்' கட்டத்தில் ஊராட்சியோ நகராட்சியோ இருந்தால் நிம்மதி. அப்படி ஒரு பதிவே இல்லாமல் பழைய உரிமையாளர் பெயரே ஓடினால், ஒருநாள் அங்கே கல் நட்டு 'மனை விற்பனைக்கு' என்று போர்டு வைத்துவிடுவார்கள்.

வைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை, மருத்துவமனை கட்டுவதற்காகத் தனியார் அறக்கட்டளைக்கு 1976-இல் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அப்படிக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனையே ஆனாலும் பூங்காவை விழுங்க முடியாது என்றான பின், மனைக்கு ஏது வழி? ஆனால் இடையில் ஓடிய ஆண்டுகளைக் கணக்குப் பாருங்கள். வேலி போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எப்படிக் கேட்பது? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, ரூ.10-க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "பூங்கா வருமா?" என்று கேட்காதீர்கள். மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணைப் போட்டு, பார்க் இடத்தின் தானப் பத்திர நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் இல்லை என்று பதில் வந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள். கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது முதலில் இணைக்க வேண்டிய தாள் அது.