கல்லில் எழுதிய பனி ஏரிகள்

திருமலைக்கு மலைப்பாதையில் செல்லும் அன்பர்கள், ஓரிடத்தில் அடுக்கடுக்கான பாறை, அடுக்கற்ற கருங்கல்லின்மேல் படிந்திருப்பதைக் காணலாம். இந்திய நிலவியல் ஆய்வகம் அவ்விடத்தைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது. மேலுள்ள அடுக்குகள், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நீர் கொணர்ந்து இட்ட மணலேயாகும். நீர் மறையினும் அது இட்ட படிவு மறைவதில்லை என்பதே நிலநூலின் முதற்பாடம்.

இப்பாடத்தைக் கொண்டே, இன்று இல்லாத பனி ஏரிகளையும் அறிஞர் கண்டறிகின்றனர். பெரும் பனிப்பாளம் ஒன்று நிலத்தை மூடிக் கிடக்கையில், அதன் விளிம்பில் உருகிய நீர் தேங்கி ஏரியாகும். கோடையில் பாயும் நீர் பருத்த வண்டலைக் கொணரும். அது வெளிர்நிறப் படலமாகப் படியும். குளிர்காலத்தில் ஏரி உறைந்து நீர் அசைவற்றிருக்க, நுண்ணிய களிமண் கருநிறப் படலமாக மெல்ல இறங்கும். இவ்விரண்டும் சேர்ந்தது ஓர் ஆண்டின் கணக்கு. சுவீடன் நாட்டு அறிஞர் டி கீர் என்பார், இப்படலங்களைப் பல இடங்களில் எண்ணி ஒப்பிட்டு, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளின் வரலாற்றை 1910இல் எடுத்துரைத்தார். நம் அலுவலகத்து நாட்குறிப்பேட்டைப் போன்று, ஆண்டுக்கு ஒரு பக்கம்!

வேறு சான்றுகளும் உண்டு. மிதந்து சென்ற பனிக்கட்டி உருகுகையில் அதனுள் இருந்த கல் அடித்தளத்தில் விழும். அதன்கீழ் மெல்லிய படலங்கள் வளைந்து நிற்கும். பழைய கரைமேடுகளோ நீர்மட்டத்தின் உயரத்தைக் காட்டும். கனடாவில் மறைந்துபோன பேரேரி ஒன்றுக்கு 1879இல் அகாசி என்னும் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு என்பது வியப்பன்றோ? ஒடிசாவின் தால்சேரில், மென்மண்ணிடையே பெருங்கற்கள் புதைந்திருத்தலைக் கண்டு, அது பனியின் செயலே என்று பிளான்போர்டு சகோதரரும் தியோபால்டும் 1856இல் எழுதினர். சந்திரப்பூர் வட்டாரத்தில் பென்கங்கையாற்றின் அருகே, பனி உராய்ந்த கீறல்களைக் கொண்ட பாறைத்தளத்தை பெடன் என்பார் 1875இல் அறிவித்தார். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென்துருவத்தை அடுத்திருந்த கோண்டுவானாப் பெருநிலத்தின் பகுதியாக இருந்த காலம் அது. எனினும் தேங்கிய நீர் யாவும் ஏரியன்று. மனேந்திரகரில் கடற்சிப்பிகள் கிடைத்தமையால், அங்குக் கடலும் புகுந்தது தெளிவாகிறது. சான்றை ஆராயாது முடிவு கூறலாகாது என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

பனி விலகிய பின்னர் அப்பள்ளங்களில் காடுகள் செழித்தன, அவையே நிலக்கரியாயின. கோதாவரிப் பள்ளத்தாக்கின் சிங்கரேணி நிலக்கரிக்கு அடியிலும் தால்சேர்ப் படிவுகள் உள்ளன. சரக்கு வண்டிகளில் செல்லும் கரியைக் காணும்போது, அதற்கு முந்தியது பனி என்பதை நினைவிற் கொள்ளுக.

இது வெறும் பழங்கதையும் அன்று. 2023 அக்டோபர் 4ஆம் நாள், சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. பல உயிர்கள் மாண்டன. பனி ஏரிகள் எவ்வாறு நிறைந்தன, எவ்வாறு உடைந்தன என்பதைப் பழம்படிவுகளே கூறும். அவற்றைப் படிப்போர் நாளை ஆற்றங்கரை மக்களை எச்சரித்துக் காக்க இயலும். கல்லூரி புகும் நம் இளைஞர் நிலநூலையும் நாடிப் பயில்வாராக.