உங்களுக்குத் தெரியுமா? லேபிள் ஒட்டிய சிறுவன்

ஆண்டு 1824. லண்டனில் தேம்ஸ் கரையோரம், எலிகள் ஓடும் பாழடைந்த கட்டடம் ஒன்றில் ஷூ பாலிஷ் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான் 12 வயதுச் சிறுவன் சார்லஸ் டிக்கன்ஸ். வாரக் கூலி 6 ஷில்லிங். கடனை அடைக்க முடியாத தந்தை மார்ஷல்சீ சிறையில். தாயும் சின்னப் பிள்ளைகளும்கூட அங்கேதான் குடியிருந்தார்கள்.

தந்தை விடுதலையான பிறகும், மகனை அதே வேலைக்குத் திருப்பி அனுப்பவே தாய் விரும்பினார். அந்தக் காயம் டிக்கன்ஸுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

நாடே கொண்டாடும் நாவலாசிரியரான பிறகும் அவர் இதை வெளியே சொல்லவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் மனம் திறந்தார். 1870இல் டிக்கன்ஸ் மறைந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் வாசகர்களுக்குத் தெரிந்தது, ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் புட்டி கழுவும் சிறுவன் யாரென்று. ‘லிட்டில் டோரிட்’ நாவலின் சிறையும் அதே மார்ஷல்சீதான்.

மனதைப் பிசையும் ஒரு செய்தி: பட்டறையில் அவருக்கு விலாவில் வலி வந்தபோது, புட்டிகளில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்ட தோழனின் பெயர் பாப் ஃபேகின். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவனுக்கு டிக்கன்ஸ் வைத்த பெயரும் ஃபேகின்!