விரிசல் விட்ட வீடு

கோலார் தங்கவயலில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

திடீரென்று பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும். மேலே லைன் வீடுகள் ஆடும். பாத்திரங்கள் உருண்டு விழும். சுவரில் விரிசல் விழும். சுரங்கத்திற்குப் போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமே என்று பெண்கள் ஓடுவார்கள்.

ஏன் பாறை வெடித்தது? தங்கத்துக்காக 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டினார்கள். பாறையை வெட்டி எடுத்த இடம் வெறும் பள்ளம் ஆனது. மேலே உள்ள பாரம் சுற்றி நின்ற பாறையை நெருக்கியது. பாரம் தாங்காத பாறை வெடித்தது.

சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 26-இல், குஜராத்தில் பெரிய பூகம்பம் வந்தது. பூஜ் நகரில் வீடுகள் இடிந்தன. பழைய அரண்மனைகளும் சேதமடைந்தன.

பாறை வெடிப்போ, பூகம்பமோ, சுனாமியோ, வெள்ளமோ, எது வந்தாலும் பின்னால் ஒரு கேள்வி வரும். விரிசல் விட்ட பழைய வீட்டை இடிப்பதா? பழுது பார்ப்பதா?

இதற்குப் பதில் சொல்லப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் கட்டடக் கலைஞர்கள் அவர்கள்.

அவர் என்ன செய்வார்?

முதலில் உயிரைப் பார்ப்பார். சுவர் சாய்ந்தால், வயிறு போல் உப்பினால், உத்தரம் சுவரை விட்டு நழுவினால், உள்ளே யாரையும் விடமாட்டார். மரத்தால் முட்டுக் கொடுப்பார்.

அடுத்து, வீட்டை அளந்து படம் வரைவார். புகைப்படம் எடுப்பார். கீழே விழுந்த ஓடு, மரம், கல் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார். அவை குப்பை அல்ல. திரும்பவும் பயன்படும்.

பிறகு விரிசலைச் சோதிப்பார். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டுவார். பக்கத்தில் தேதி எழுதுவார். சில வாரம் கழித்துப் பார்ப்பார். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடையாமல் இருந்தால் சுவர் நின்றுவிட்டது. பழுது பார்க்கலாம்.

எதை வைத்துப் பழுது பார்ப்பது? சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் நல்லது. நம் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்துச் சாந்து அரைப்பார்கள். சிமெண்ட் பூசினால் என்ன? சுவரின் ஈரம் வெளியே வராது. உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.

தரங்கம்பாடியில் நடந்தது

தமிழ்நாட்டில் கடலோரத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. 1620-இல் டென்மார்க் நாட்டார் வந்து கோட்டை கட்டிய ஊர். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அந்த ஊரையும் தாக்கியது. பிறகு இன்டாக் என்ற அமைப்பு அங்கே பழைய வீடுகளைப் பழுது பார்த்தது. திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீடுகள் மறுபடியும் எழுந்தன.

எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை. புது கான்கிரீட் வீடு தருகிறோம் என்றார்கள். அதற்காகச் சில மீனவக் கிராமங்களில் சேதமாகாத வீடுகளையும் இடித்தார்கள். நிழல் தந்த மரங்களையும் வெட்டினார்கள். வலை பின்ன, கருவாடு காயவைக்க, உட்கார்ந்து பேச இருந்த இடம் போயிற்று. பெட்டி போன்ற வீட்டில் வெயில் வாட்டியது. அங்கே வாழ்பவரை முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

பழையது எல்லாம் நல்லதா?

இல்லை. 1993 செப்டம்பர் 30-இல் மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பகுதியில் பூகம்பம் வந்தது. அங்கே கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். மேலே கனமான மண் கூரை. தூங்கியவர்கள் மேல் அவை விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்.

ஆனால் குஜராத்தில் கட்ச் பகுதியில் புங்கா என்ற வட்டமான மண் வீடுகள் உண்டு. கூரை லேசானது. 2001 பூகம்பத்தில் புங்கா வீடுகள் பல விழாமல் நின்றன.

ஆகவே பழையதா, புதியதா என்பது கேள்வி அல்ல. சுவர்கள் ஒன்றோடு ஒன்று பிணைந்து நிற்கின்றனவா? கூரை லேசாக இருக்கிறதா? இதைத்தான் பார்க்க வேண்டும். கல் சுவரின் இரண்டு பக்கத்தையும் இணைக்க நீளமான கற்களைக் குறுக்கே செருகலாம். இப்படிப் பழைய வீட்டையும் பலப்படுத்தலாம்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் விரிசல் இருக்கிறதா? விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

வீடு சேதமானால் இடிக்கும் முன் படம் எடுங்கள். நிவாரணம் கேட்கும்போது உதவும். வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒரே நாளில் இடிக்கச் சொன்னால், 'ஏன்?' என்று கேளுங்கள்.

இந்த வேலையை நம் பிள்ளைகளும் படிக்கலாம். கட்டடக் கலைப் படிப்பு 5 ஆண்டு. பழைய கட்டடங்களைக் காக்கும் மேற்படிப்பு 2 ஆண்டு. படித்தவரின் அளவுகோலும் வேண்டும். கொத்தனாரின் கையும் வேண்டும்.

தங்கவயலில் இன்று தங்கம் எடுப்பதில்லை. சயனைடு மண் மேடுகளும் லைன் வீடுகளும் நிற்கின்றன. தாத்தாவும் பாட்டியும் வாழ்ந்த வீடு அது. இடிக்க ஒரு நாள் போதும். அதற்கு முன் ஒரு முறை நன்றாகப் பார்ப்போம்.