கட்டி இல்லாமலும் வரும் மார்பகப் புற்றுநோய்

மாணவர்களே, அடுத்த முறை மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால், பழக்கடையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உற்றுப் பாருங்கள். தோல் முழுவதும் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். மார்பகத்தின் தோல் இப்படி மாறினால் அது ஓர் எச்சரிக்கை. மருத்துவர்களே அதை 'ஆரஞ்சுத் தோல்' என்றுதான் அழைக்கிறார்கள்.

மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். "கட்டி இருக்கிறதா என்று பாருங்கள்" என்ற அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால், 'அழற்சி மார்பகப் புற்றுநோய்' என்ற வகையில் பெரும்பாலும் கட்டி கையில் தட்டுப்படாது. மெமோகிராம் படத்திலும் தெரியாமல் போகலாம். நூறு மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 வரைதான் இந்த வகை. அரிதானது என்றாலும் சில வாரங்களிலேயே வேகமாக வளர்ந்துவிடும்.

இது எப்படி உண்டாகிறது? நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போல நிணநீர்க் குழாய்களும் உண்டு. திசுக்களில் மிஞ்சும் நீரை வடித்து மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை. கனமழையின்போது கால்வாயில் குப்பை அடைத்தால் தண்ணீர் சாலையில் ஏறிவிடும் அல்லவா? அதுபோல, மார்பகத் தோலிலுள்ள நிணநீர்க் குழாய்களைப் புற்றுநோய் அணுக்கள் அடைத்துவிடுகின்றன. நீர் தேங்கித் தோல் வீங்குகிறது. மயிர்க்கால்கள் உள்ள இடங்கள் மட்டும் வீங்காமல் உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. அவைதாம் அந்தக் குழிகள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• ஒரு மார்பகம் மட்டும் திடீரென வீங்குதல், கனத்தல்
• தோல் சிவத்தல், சூடாக இருத்தல். மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, ஊதாவாகவோ கருமையாகவோ தோன்றலாம்
• ஆரஞ்சுத் தோல் போன்ற குழிகள்
• முலைக்காம்பு புதிதாக உள்வாங்குதல்
• வலி, அரிப்பு. அக்குளில் நெறி கட்டுதல்

பாலூட்டும் தாய்மார்களுக்குக் கிருமித் தொற்றால் வரும் மார்பக அழற்சியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் மருத்துவர் முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவதுண்டு. தொற்றாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் குறைந்துவிடும். குறையவில்லை என்றால், "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே திரும்பிச் சென்று, மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும். தோலிலிருந்தும் மார்பகத்திலிருந்தும் சிறு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

புற்றுநோய் என்று உறுதியானால் வழக்கமாக முதலில் கீமோதெரபி, பிறகு அறுவைச் சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு என்ற வரிசையில் சிகிச்சை நடக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

நம் வீடுகளில் பல அம்மாக்கள் கூச்சத்தால் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மஞ்சள் பூசிப் பார்க்கலாம், தீபாவளி முடியட்டும் என்று நாளைத் தள்ளுவார்கள். இந்த நோய்க்கு அந்த நாள்கள் மிக முக்கியம். எனவே இந்தப் பக்கத்தை அம்மாவிடமும் பாட்டியிடமும் படித்துக் காட்டுங்கள். ஆண் பிள்ளைகளும்தான். "பத்து நாளாகியும் குறையவில்லையா? வாங்கம்மா, கிளினிக்குக்குப் போகலாம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களின் உயிரைக் காப்பாற்றலாம்.