டார்ஜிலிங் போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

சென்னை, மதுரை, பழனி என்று போய் வந்த நம்மவர்கள் பலர் இப்போது இமயமலைப் பக்கமும் கண் வைக்கிறார்கள். கேமரன் மலையின் தேயிலையும் குளிரும் பழகிய நமக்கு டார்ஜிலிங் மீது தனி ஆசை வருவது இயல்புதான். ஆனால், விமான டிக்கெட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் எந்த மாதம் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

டார்ஜிலிங்கில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா, உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம். இன்னொன்று தேயிலைத் தோட்டம். இரண்டும் எல்லா மாதமும் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலை மேகத்துக்குள் போய்விடும், பாதையில் மண் சரியும். 2025 அக்டோபர் தொடக்கத்தில்கூடப் பெருமழையும் நிலச்சரிவும் அங்கே பல உயிர்களைப் பறித்தன. டிசம்பரில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் கொழுந்து பறிப்பு நின்றுவிடும். செடிகளைக் கவாத்து செய்து, பிப்ரவரி வரை தோட்டமே உறங்கும். பள்ளி விடுமுறையை நம்பி டிசம்பரில் போகும் குடும்பங்கள் மலையைப் பார்க்கும், கொழுந்து பறிப்பதைப் பார்க்காது. மார்ச், ஏப்ரலில் முதல் கொழுந்து வரும். அப்போது மலை பல நாள் புகைமூட்டத்தில் மறைந்திருக்கும்.

இரண்டும் வேண்டுமென்றால் நவம்பர்தான். இலையுதிர்காலக் கொழுந்து அப்போதும் பறிக்கப்படும், வானமும் தெளிந்திருக்கும். அக்டோபரில் துர்கா பூஜை விடுமுறைக்குக் கல்கத்தாக்காரர்கள் கூட்டமாக வந்து தங்கும் விடுதிகளை நிரப்பிவிடுவார்கள். எப்போது போனாலும் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். ஒரே இரவு தங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு டைகர் ஹில்லுக்கு ஓடி, வெறும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

கோலாலம்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து பாக்டோக்ராவுக்கு இன்னொரு விமானம், அல்லது நியூ ஜல்பைகுரிக்கு இரவு ரயில். அதன்பின் ஜீப்பில் மூன்று, நான்கு மணி நேர மலைப்பாதை. 1881இல் தொடங்கி, 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பொம்மை ரயில், அடிவாரத்திலிருந்து மேலே ஏற நாளில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஜீப்பில் ஏறிவிட்டு, டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேரச் சுற்றை மட்டும் ரயிலில் போவதே பெரியவர்களுக்கு நல்லது. கூம் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தானா ராத்தாவின் குளிரை நினைத்து ஒரே ஒரு சுவெட்டரோடு போகாதீர்கள்.

விசாவை இணையம்வழி முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பக்கத்திலிருக்கும் சிக்கிமுக்கும் போவதாக இருந்தால் வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். முகம் இந்திய முகமாக இருக்கலாம். சோதனைச் சாவடியில் பார்ப்பது கடப்பிதழைத்தான். நகரத்தில் பேசப்படுவது நேப்பாளி. இந்தி புரியும், தமிழ் எடுபடாது. சைவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை, காய்கறி மோமோ தெருவுக்குத் தெரு கிடைக்கும். மேட்டிலுள்ள மகாகாள் கோயிலில் இந்துக்களும் பௌத்தர்களும் ஒரே வளாகத்தில் வழிபடுவதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

தோட்டத்துக்கு மட்டும் அவசரமில்லாமல் போங்கள். நான் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். சரிவில் பெண்கள் நெற்றியில் வார் மாட்டி, முதுகில் மூங்கில் கூடை சுமந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அம்மா ஜீப் ஓட்டுநரிடம், "அந்தப் பிள்ளையிடம் கேளு தம்பி, குடியிருக்கிற வீடு யார் பெயரில் இருக்கு?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன், அவர் நேப்பாளியில் கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கையால் தோட்டத்தைச் சுட்டிக் காட்டினாள்.

அங்கே நிலைமை இதுதான்: ஆங்கிலேயர் காலத்தில் நேப்பாளத்திலிருந்து சர்தார்கள் ஆள் திரட்டிக் கொண்டுவந்து குடியமர்த்தியவர்களின் வழிவந்தவர்களே பெரும்பாலான தொழிலாளர்கள். கங்காணி கூட்டி வந்த கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு வேலையோடு ஒட்டியது; குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டிருந்தால்தான் குடியிருப்பு நிலைக்கும். நிலப்பட்டா கேட்டு அவர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அன்று இரவு அம்மா மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேயிலை வாங்குவதாக இருந்தால், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் பதித்த டார்ஜிலிங் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்றது இந்தத் தேயிலைதான். சாதாரணத் தூள் விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். வீட்டுக்கு வந்து கெட்டிப் பாலை ஊற்றி ஆற்றிவிடாதீர்கள். கொதி தணிந்த நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்து, பாலில்லாமல் குடித்துப் பாருங்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "வெந்நீர் மாதிரி இருக்கு" என்றார்.