தூங்கும் குழந்தைக்குச் சண்டை கேட்குமா?

"பிள்ளை தூங்குது, அதுக்கு என்ன தெரியப்போகுது" என்று சொல்லிக்கொண்டே கத்துகிற வீடுகள் ஏராளம்.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகம் இதைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டது. 6 முதல் 12 மாதக் குழந்தைகளைத் தூங்கவைத்து (எப்பாடு பட்டார்களோ!), ஸ்கேன் கருவிக்குள் கிடத்தி, ஓர் ஆணின் குரலைக் கேட்கவைத்தார்கள். பேசியது அர்த்தமில்லாத சொற்கள். மாறியது தொனி மட்டுமே. கடுங்கோபத் தொனிக்கு, பெற்றோர் அடிக்கடி சண்டையிடும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் உள்ளிட்ட பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன. அதுவும் அந்த வீடுகளில் நடந்தது வெறும் வாய்ச்சண்டையே.

ஹைப்போதலாமஸ் தட்டிவிட்டால் பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போகும்; கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். எப்போதாவது என்றால் தணிந்துவிடும். தினமும் என்றால் உடல் எச்சரிக்கை நிலையிலேயே பழகிவிடுகிறது.

அடிதடியை அனுபவித்த அல்லது பார்த்து வளர்ந்த சிறுவர்களை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2011-இல் ஆராய்ந்தது. கோபமுகப் படங்களுக்கு, மூளையில் அபாயத்தை உணரும் பகுதிகளான அமிக்டலாவும் இன்சுலாவும், போர்முனை கண்ட சிப்பாய்களுக்குப் போலவே துடித்தன. இத்தனைக்கும் அந்தச் சிறுவர்களுக்கு மனநோய் எதுவும் இல்லை. இது கோளாறல்ல, அந்த வீட்டுக்கு ஏற்ற தற்காப்பு. அப்படி வளர்ந்து, வகுப்பில் பெஞ்ச் இழுபடும் சத்தத்துக்கே திடுக்கிட்டு, கணக்கைக் கோட்டைவிடுகிற பிள்ளையை 'கவனமில்லை' என்று அதட்டினால், மூளையில் அதே எச்சரிக்கை மணிதான் மறுபடி அடிக்கும்.