சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் இருக்கலாம்!

சுவிட்சை அணைத்துவிட்டால் பல்பில் கரண்ட் இருக்காது என்றுதான் நம்மில் பலர் நம்பிக் கொண்டிருக்கிறோம். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை தோழிகளே!

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு பழசு. சமையலறையில் குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு மாட்டினோம். சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரியில் அது மின்மினி மாதிரி மங்கலாக எரிந்தது. "சிக்கன பல்புதானே, எரிஞ்சா எரியட்டும் விடு" என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. உரிமம் உள்ள வயர்மேனை வரவழைத்தேன்.

அவர் பல்பைக் கழற்றி, சுவிட்ச் அணைந்திருக்கும்போதே ஹோல்டர் பின்னில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது! "பாருங்கம்மா, பேஸ் வயர் நேரா பல்புக்குப் போகுது. சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருக்காங்க. ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தும்போது கை பட்டா தூக்கி அடிச்சிடும்" என்றார். எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என் மகன்தான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹாலிலும் இரண்டு சுவிட்ச் இதே கதிதான்! எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். செலவுக்கு முணுமுணுத்த வீட்டுக்கார அம்மாள், பிறகு தன் மாடி வீட்டையும் பார்க்கச் சொன்னார்.

முறை இதுதான். பேஸ் முதலில் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து பல்புக்குப் போக வேண்டும். நியூட்ரல் நேரே பல்புக்குப் போகும். பேஸ் சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. ஆனால் பழைய வீட்டில் நிறத்தை நம்பவே கூடாது. எவரோ எப்போதோ கையில் கிடைத்த வயரை இழுத்திருப்பார்கள். டெஸ்டர்தான் சாட்சி. அதையும் கரண்ட் இருக்கிற பிளக்கில் ஒருமுறை எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்காரர்கள் கவனிக்க: மெயினை அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும்! லைட் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். போர்டைத் திறக்கும் முன் இன்வெர்ட்டரையும் அணைத்தாரா என்று வயர்மேனிடம் கேளுங்கள்; கோபித்துக் கொண்டால் கொள்ளட்டும்.

சுவிட்ச் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். லைட்டுக்கு 6 ஆம்பியர் போதும். வயரின் செம்பு இழை ஒன்றுகூட ஸ்க்ரூவுக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது. சுவிட்சில் சர்ரென்று சத்தமோ கருகல் வாசனையோ சூடோ தெரிந்தால் வயர் தளர்ந்திருக்கலாம். அதை உபயோகிக்காமல் ஆள் கூப்பிடுங்கள்.

மங்கலாக எரிகிற பல்பெல்லாம் இந்தத் தப்பினால்தான் என்று சொல்ல முடியாது. சின்ன சிவப்பு விளக்கு உள்ள சுவிட்சாலும் அப்படி எரியும். சோதித்தால்தான் தெரியும்.

வசதிப்பட்டால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுக் கொள்ளுங்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள், உடனே டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்